வலி ஓரிடம், முடிச்சு வேறிடம்

தோளில் கட்டியாய்த் திரண்டு, தலையில் இடியாய் இறங்கும் தசை முடிச்சை விரலால் அவிழ்க்க முடியுமா? பேராதனையிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

கலஹா சந்தியில் காலை ஏழு மணிக்கு இரண்டு வகைத் தோள்களைப் பார்க்கலாம். ஒன்று, தெல்தோட்டை, கலஹாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்து, கிளினிக் கொப்பியும் கையுமாகப் பேராதனை போதனா வைத்தியசாலைக்கு நடக்கும் தோள். இருபது, முப்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்தது. மற்றது, மடிக்கணினிப் பையை மாட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போகும் தோள். அதற்கு இருபத்திரண்டு வயதுதான். பஸ்ஸுக்காகவோ வரிசைக்காகவோ காத்து நிற்கும் நேரத்தில் இரண்டு பேரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். வலது கையைக் குறுக்கே கொண்டுபோய், இடது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள மேட்டைக் கொத்தாகப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுக்கொள்கிறார்கள்.

அந்த மேட்டில் விரலுக்கு ஏதோ தட்டுப்படுகிறது. கொட்டைப் பாக்கு மாதிரி, சில நேரம் இறுக்கி முறுக்கிய கயிறு மாதிரி. அழுத்தினால் 'ஆ' என்று வாய் திறக்கிறது. கூடவே இதமாகவும் இருக்கிறது. விட்டால் பத்து நிமிடத்தில் பழையபடி.

வைத்திய உலகம் அதை 'ட்ரிகர் பொயின்ட்' என்கிறது. துப்பாக்கியின் விசை என்று பொருள். விசையை இங்கே அழுத்தினால் குண்டு அங்கே பாய்கிறது அல்லவா? இந்தப் புள்ளியும் அப்படித்தான். ஊர் வழக்கில் பிடிப்பு, சுளுக்கு, வாய்வு என்று எத்தனையோ பெயர்களில் இதுவும் அடங்கிக் கிடக்கிறது. இந்தக் கட்டுரையில் இதைத் தசை முடிச்சு என்றே சொல்வோம்.

இந்த முடிச்சை விளங்கிக்கொள்ள மூன்று இடங்களைப் பிரித்தறிய வேண்டும். வலி தெரியும் இடம் ஒன்று. முடிச்சு இருக்கும் இடம் இன்னொன்று. அந்த முடிச்சைப் போட்ட காரணம் இருக்கும் இடம் மூன்றாவது. முதல் இடத்தில் தைலம் தேய்த்துக்கொண்டே ஆயுளைக் கழிப்பவர்கள் நம்மில் பெரும்பாலோர்.

விரல் காட்டும் இடம்

தோளின் மேல்மேட்டில் இருக்கும் ட்ரபீசியஸ் தசையில் முடிச்சு விழுந்தால், வலி பெரும்பாலும் கழுத்தின் பக்கவாட்டில் ஏறி நெற்றிப்பொட்டில் போய் நிற்கும். ஆள் தலையிடி என்று பனடோல் போடுவார். தோற்பட்டை எலும்பின் பின்பக்கத்தை மூடியிருக்கும் தசையில் முடிச்சு இருந்தால், தோளின் முன்பக்கம் ஆழத்தில் குடையும். கை வழியாகவும் இறங்கும். பிட்டத்தின் உட்தசையில் விழுந்த முடிச்சு தொடை, கெண்டைக்கால் வரை வலியை இழுத்துச் செல்லும். அதைக் கால் நரம்பு நசுங்கியதாக நினைத்துக் கலங்கியவர்கள் பலர். மெல்ல உதவும் தாடைத் தசையில் முடிச்சு இருந்தால், நல்ல பல்லே வலிப்பது போலிருக்கும்.

இது மனப்பிரமை அல்ல. 1938இல் லண்டனில் ஜோனஸ் ஹென்றிக் கெல்கிரன் என்ற வைத்தியர், ஆட்களின் தசைகளில் 6 சதவீத உப்புநீரைச் சிறிதளவு ஏற்றி, எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். ஊசி குத்திய இடத்தோடு நிற்காமல், தூரத்து இடங்களிலும் வலி தெரிந்தது. ஒவ்வொரு தசைக்கும் அது தனித்தனிப் பாதையாக இருந்தது. தசையிலிருந்து வரும் செய்தியும் வேறிடத்திலிருந்து வரும் செய்தியும் முள்ளந்தண்டில் ஒரே நரம்புக் கூட்டத்தில் வந்து சேர்கின்றன. மூளைக்கு அனுப்பியவர் முகவரி சரியாகத் தெரிவதில்லை. தபால் வந்தது உண்மை, முகவரி பிழை.

முடிச்சுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு தசை பல்லாயிரம் நார்களின் கட்டு. எல்லாம் சேர்ந்து சுருங்கினால் கை மடங்கும். எல்லாம் தளர்ந்தால் கை நீளும். முடிச்சு விழுந்த தசையில் ஒரு சில நார்கள் மட்டும், மற்றவை தளர்ந்த பிறகும், சுருங்கியபடியே நின்றுவிடுகின்றன. அந்த நார்கள்தான் விரலுக்குக் கயிறாகத் தட்டுப்படுகின்றன. கயிற்றின் நடுவில் தொட்டால் துள்ளவைக்கும் புள்ளி இருக்கிறது. சரியான இடத்தைச் சுண்டினால் கயிறு கண்ணுக்குத் தெரியும்படி ஒருமுறை துடிக்கும். அதுவே வலித்துக்கொண்டிருந்தால் விழித்திருக்கும் முடிச்சு. அழுத்தினால் மட்டும் வலித்தால் உறங்கும் முடிச்சு. உறங்கும் முடிச்சு வலிக்காவிட்டாலும் தசையை முழுதாக நீளவிடாது. கழுத்தைத் திருப்பப் போனால் பாதியில் மறித்துக்கொண்டு நிற்கும்.

ஏன் இந்த நார்கள் விடமாட்டேன் என்கின்றன? பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இது. தசை சுருங்குவதற்குச் சக்தி வேண்டும் என்பது நமக்குத் தெரியும். தளர்வதற்கும் சக்தி வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. உயிர் போன உடல் விறைத்துப் போவது அதனால்தான். பிடியை விடுவிக்கும் சக்தி அங்கே தீர்ந்துவிட்டது. ஓய்வில்லாமல் சுருங்கிக் கிடக்கும் நார்கள் தம்மைச் சுற்றியுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை நெரிக்கின்றன. இரத்தம் குறைந்தால் பிராணவாயு குறைகிறது. பிராணவாயு குறைந்தால் சக்தி குறைகிறது. சக்தி குறைந்தால் பிடியை விட முடிவதில்லை. தேங்கி நிற்கும் இரசாயனங்கள் வலி நரம்பைக் கிள்ளிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜே ஷா என்பவரின் குழு 2005 அளவில் மயிரிழை போன்ற ஊசிகளை முடிச்சுக்குள் செலுத்தி அங்குள்ள நீரை எடுத்துப் பார்த்தபோது, வலியையும் அழற்சியையும் தூண்டும் பொருட்கள் கூடுதலாகவும், அமிலத்தன்மை அதிகமாகவும் இருக்கக் கண்டது.

ஆகாயத்துக்குப் போனவரும் ஆடும் நாற்காலி தந்தவரும்

இந்த முடிச்சுகளுக்கு வரைபடம் போட்டவர்கள் இருவர். முதலாமவர் ஜெனட் ட்ரவெல். 1901இல் நியூயோர்க்கில் பிறந்த இதய நோய் ஆய்வாளர். தோள் வலியில் தசையின் பங்கைக் கவனித்து, முடிச்சுக்குள் மரப்பு மருந்து ஏற்றிக் குணப்படுத்தும் முறையை 1942இலேயே எழுதி வெளியிட்டார். 1955இல் முதுகுவலியால் ஊன்றுகோலோடு அவரிடம் வந்த செனட்டர் ஒருவர், 1961இல் அமெரிக்க ஜனாதிபதியானார். ஜோன் கென்னடிதான் அவர். ட்ரவெல் வெள்ளை மாளிகையின் முதல் பெண் வைத்தியரானார். கென்னடியின் படங்களில் பிரபலமான அந்த ஆடும் நாற்காலி இவருடைய பரிந்துரை. ஒரு கால் மற்றதைவிடக் குட்டை என்பதைக் கண்டு சப்பாத்துக்குள் அட்டை வைக்கச் சொன்னதும் இவர்தான்.

இரண்டாமவர் டேவிட் சைமன்ஸ், அமெரிக்க விமானப்படை வைத்தியர். 1957 ஓகஸ்ட்டில், ஒரு பலூனின் அடியில் தொங்கிய சிறு கூண்டில் அமர்ந்து 30 கிலோமீற்றருக்கும் மேலே போய் வந்தவர். பின்னாளில் ட்ரவெலின் விரிவுரை ஒன்றைக் கேட்டு, விண்வெளியை விட்டுவிட்டுத் தசைக்கு வந்து சேர்ந்தார். இருவரும் எழுதிய கைநூலின் முதல் தொகுதி 1983இலும் இரண்டாம் தொகுதி 1992இலும் வந்தன. உடலின் மேற்பாதிக்கு ஒன்று, கீழ்ப்பாதிக்கு ஒன்று. தசை தசையாக, முடிச்சுக்குப் பெருக்கல் குறி, வலி பரவும் இடத்துக்குச் சிவப்பு. இன்றும் இயன்மருத்துவர்கள் பார்க்கும் படங்கள் அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

கென்னடியின் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. ஊசி போட்டால் வலி அடங்கும், பிறகு திரும்பும். ஊசிகள் கூடிக்கொண்டே போயின. 1961 ஒக்டோபரில் ஹான்ஸ் கிராவுஸ் என்ற வைத்தியர் அழைக்கப்பட்டார். மலையேறுவதில் பெயர் பெற்ற அவர், தளர்ந்த தசைக்குப் பயிற்சி கொடுத்தார். ஜனாதிபதி தேறினார். முடிச்சை அவிழ்ப்பது ஒரு வேலை, அது மறுபடி விழாமல் பார்ப்பது வேறொரு வேலை என்பதை அமெரிக்காவின் மிக விலையுயர்ந்த முதுகு இப்படித்தான் கற்றுக்கொண்டது.

நம் கைகளுக்குத் தெரிந்தது

மேல்நாட்டார் பெயர் வைப்பதற்கு முன்பே நம் ஊர்க் கைகளுக்கு முடிச்சு தெரியும். மலையகத்து லயங்களில், மலையிலிருந்து இறங்கிய அப்பா குப்புறப் படுத்துக்கொண்டு, 'வாடா, முதுகில ஏறி மிதி' என்று சின்னவனைக் கூப்பிடுவது பழைய வழக்கம். பிள்ளையின் பாதம் முள்ளந்தண்டின் இரு பக்கமும் அளந்து மிதித்துக்கொண்டு போகும். சரியான இடம் வந்ததும் அப்பா, 'அங்கதான், அங்கதான், நில்லு' என்பார். நிற்கச் சொன்ன அந்த இடம்தான் முடிச்சு. பிள்ளையின் எடை அதற்கு அளவான அழுத்தம்.

சித்த வைத்தியம் இதைத் தொக்கணம் என்று வகுத்து வைத்திருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை. இன்றைய இயன்மருத்துவர் முடிச்சுக்குச் செய்வது இதில் மூன்று: பிடித்தல், அழுத்தல், இழுத்தல். வர்மக் கலை உடலில் 108 இடங்களைச் சொல்கிறது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. சுசுருதரின் ஆயுர்வேதக் கணக்கில் மர்மங்கள் 107. சிங்கள வைத்தியத்தில் இதற்கு 'நில' என்று பெயர். கண்டிப் பெரஹராவுக்கு வரும் யானையைப் பாகன் அங்குசத்தால் நடத்துவதும் நில்லென்பதும் யானையின் உடலிலுள்ள நில இடங்களை அறிந்துதான்.

சீனத்து அக்குபங்சர் புள்ளிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ரொனால்ட் மெல்சாக்கும் இரு சகாக்களும் 1977இல், முடிச்சுகளுக்கும் வலிக்கான அக்குபங்சர் புள்ளிகளுக்கும் 71 சதவீத ஒற்றுமை உண்டு என்று எழுதினார்கள். அந்தக் கணக்கே பிழை என்று 2003இல் மறுப்பும் வந்தது.

ஆனால் எல்லாம் ஒன்றுதான் என்று பெருமையில் சேர்த்துக் கட்டிவிடக் கூடாது. வர்மம் எல்லா உடலிலும் ஒரே இடத்தில் இருக்கிறது. அது உடலோடு பிறந்தது. முடிச்சு ஆளுக்கு ஆள் மாறுகிறது. அது வேலையோடு பிறந்தது. கொழுந்து பறிப்பவருக்கு ஓரிடம், முச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கு ஓரிடம், தையல் மெஷினில் குனிந்திருப்பவருக்கு வேறோரிடம். ஒருவரின் முடிச்சுகளைத் தடவிப் பார்த்தே அவர் என்ன வேலை செய்கிறார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அழுத்துவது எப்படி?

முரட்டுத்தனம் வைத்தியமல்ல. 'வலிக்க வலிக்கப் பிடித்தால்தான் போகும்' என்பது நம் ஊரில் நிலைத்துவிட்ட பிழையான நம்பிக்கை. வலி அளவு மீறினால் தசை தற்காப்புக்காக இன்னும் இறுகும். மறுநாள் கன்றிப்போய் நிற்கும்.

பயின்ற கை முதலில் தேடும். தட்டையான தசையென்றால் விரல் நுனிகளால் நாருக்குக் குறுக்கே உருட்டிப் பார்க்கும். தோள்மேடு போல விளிம்புள்ள தசையென்றால் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே கொத்தாகப் பிடிக்கும். கயிறு அகப்பட்டதும் அதன் வழியே நகர்ந்து, நோயாளி 'இதுதான் என் வலி' என்று அடையாளம் காட்டும் இடத்தில் நிற்கும். அங்கே மெல்ல மெல்ல அழுத்தம் கூட்டப்படும். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால் ஐந்து, ஆறு என்று சொல்லும் அளவு போதும். அரை நிமிடம், ஒரு நிமிடம், சில வேளை ஒன்றரை நிமிடம் அப்படியே இருக்க, விரலுக்கடியில் வெண்ணெய் இளகுவது போல ஓர் இளக்கம் தெரியும். வலியும் ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கும். முன்பு இதற்கு இரத்தத்தைத் தடுக்கும் அழுத்தம் என்று பெயர் வைத்து, கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்தினார்கள். அத்தனை பலம் தேவையில்லை என்று பிற்காலத்தில் சைமன்ஸே திருத்திக்கொண்டார்.

அழுத்தியதோடு வேலை முடியவில்லை. இளகிய தசையை உடனே மெதுவாக நீட்ட வேண்டும். பிறகு இளஞ்சூட்டு ஒத்தடம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துவாய் போதும்; நொச்சி இலையோ உப்புப் பொட்டணமோ இருந்தால் இன்னும் நல்லது. அதன்பின் அந்தத் தசை அசைக்கும் மூட்டினை அது போகக்கூடிய எல்லாத் திசையிலும் மூன்று முறை அசைத்துவிட வேண்டும். தசைக்கு அதன் முழு நீளத்தை நினைவுபடுத்துவது போல.

தைலம் பற்றி ஒரு சொல். சித்தாலேபவும் கோடாலித் தைலமும் இல்லாத வீடு இலங்கையில் அரிது. அவை தோலில் சூடும் குளிர்ச்சியும் காட்டி வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகின்றன. கை வழுக்காகச் செல்லவும் உதவுகின்றன. ஆனால் முடிச்சை அவிழ்ப்பது போத்தல் அல்ல, விரல்.

தனியாக இருப்பவருக்கும் வழியுண்டு. பழைய காலுறைக்குள் ஒரு டெனிஸ் பந்தைப் போட்டு, அதைத் தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டு, சுவருக்கும் முதுகுக்கும் நடுவே வைத்து மெல்லச் சாய்ந்தால் கை எட்டாத இடமும் எட்டும். இதைப் பெரிதாகப் பரப்பியவர் வைத்தியரல்லர், க்ளேர் டேவிஸ் என்ற அமெரிக்கப் பியானோ செப்பனிடுபவர். தன் தோள்வலிக்கு வழி தேடி, ட்ரவெல் சைமன்ஸ் நூலைத் தானே படித்து, தானே தேய்த்துக் குணமானதாகச் சொல்லி, 2001இல் பொதுமக்களுக்காக ஒரு பயிற்சி நூல் எழுதினார். நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் தேய்ப்பதைவிட, நாளுக்கு ஐந்தாறு முறை ஒவ்வொரு நிமிடம் தேய்ப்பதே மேல் என்பது அவர் கட்சி.

வழக்கு இன்னும் முடியவில்லை

இத்தனையும் நிரூபணமான உண்மையா? இல்லை. அதைச் சொல்லாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

முதல் கேள்வி, முடிச்சு இருப்பதை இருவர் ஒரே மாதிரி கண்டுபிடிக்கிறார்களா என்பது. 2009இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, விரலால் தொட்டு முடிச்சை உறுதிசெய்யும் முறையை நம்பத்தகுந்தது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. 2015இல் ஜோன் குவின்ட்னர், ஜெஃப்ரி போவ், மில்டன் கோகன் மூவரும் ஒருபடி மேலே போய், வலியின் ஊற்று தசைமுடிச்சு என்ற கொள்கையே தவறு, நரம்பின் உணர்திறனில்தான் விடை இருக்கிறது என்று வாதாடினார்கள். மறுதரப்பும் சும்மா இருக்கவில்லை.

இரண்டாவது கேள்வி, தேய்ப்பது பலன் தருகிறதா என்பது. முதுகுவலிக்கு மசாஜ் பற்றி 2015இல் வந்த கொக்ரேன் மீளாய்வு 25 பரிசோதனைகளை, 3,096 பேரை, சேர்த்துப் பார்த்தது. குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது. நீண்ட காலத்துக்கு நிற்பதாகச் சொல்ல முடியவில்லை. ஆய்வுகளின் தரமும் போதாது என்பது தீர்ப்பு. அதே ஆண்டில் அமெரிக்காவில் மோராஸ்கா குழுவினர், இறுக்கத் தலையிடி உள்ள 56 பேரை மூன்றாகப் பிரித்தனர். ஒரு பகுதிக்கு ஆறு வாரத்தில் 12 முறை முடிச்சு அழுத்தும் மசாஜ். ஒரு பகுதிக்கு ஒலியலைக் கருவியை வேலைசெய்யாதபடி வைத்துப் போலிச் சிகிச்சை. ஒரு பகுதிக்கு ஒன்றுமில்லை. மசாஜ் பெற்றவருக்குத் தலையிடி வரும் தடவைகள் குறைந்தன. போலி பெற்றவருக்கும் குறைந்தன!

இதைக் கேட்டு 'அப்படியென்றால் எல்லாம் ஏமாற்று' என்று முடிவுகட்டுவதும் அவசரம். வலி குறைந்தது மெய். பாதிப் பலன் விரலின் அழுத்தத்திலும், மீதி ஒரு மனிதர் நம் வலியை நம்பிப் பொறுமையாகக் கவனிப்பதிலும் இருக்கலாம். தொடுவதால் வரும் நிம்மதி சிறிய விஷயமல்ல. ஆனால் 'பத்துத் தடவை வந்தால் வேரோடு போய்விடும்' என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால், பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சொல்லில் இருக்கிறது பாதி நோயறிதல்

முடிச்சை எக்ஸ்ரே காட்டாது, இரத்தப் பரிசோதனை காட்டாது. வைத்தியருக்கு வழிகாட்டுவது தன் விரலும் நோயாளியின் வாயும்தான். மெல்சாக் 1975இல் வெளியிட்ட மக்கில் வலி வினாக்கொத்தில் வலியை விவரிக்கும் 78 சொற்கள் இருக்கின்றன. எந்தச் சொல்லைத் தேர்கிறோம் என்பதே எந்த வகை வலி என்று காட்டிக்கொடுக்கும் என்பது அதன் அடிப்படை.

நமக்குப் பட்டியல் தேவையா? ஒரு தோட்டத்து அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். உளையுது, கடுக்குது, குடையுது, குத்துது, எரியுது, இழுக்குது, விறைக்குது, மரத்துப்போச்சு, சுரீருங்குது. தசைமுடிச்சின் வலி பெரும்பாலும் உளைச்சல், குடைச்சல். ஆழத்தில், மந்தமாக, இன்ன இடமென்று விரல் வைக்க முடியாமல். நரம்பு நசுங்கினால் எரிச்சல், மின்சாரம் பாய்ந்த சுரீர், மரத்துப்போதல். இந்த வேறுபாடு ஒரு வைத்தியருக்கு ஸ்கேன் அளவுக்குப் பெறுமதியானது.

ஆனால் கண்டி மாவட்டத்தில் நோயாளி தமிழிலும் வைத்தியசாலை பெரும்பாலும் சிங்களத்திலும் இருக்கிறது. 'கொஹெத ரிதென்னே?' என்று கேட்டால், எங்கே நோகிறது என்கிறார்கள் என்பது விளங்கும். தோளைத் தொட்டுக் காட்டிவிடலாம். 'மிஸ், உளையுது, ராத்திரியில குடையுது' என்பதை எப்படிக் காட்டுவது? குடைச்சலும் எரிச்சலும் மொழிபெயர்ப்பில் வெறும் 'ரிதெனவா' ஆகிவிடுகின்றன. அதற்குக் கிடைக்கும் மருந்தும் பொதுவானதாகவே இருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் இயன்மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. அங்கே படிக்கும் சிங்கள மாணவர் தசைகளின் லத்தீன் பெயர்களோடு இந்த ஒன்பது தமிழ்ச் சொற்களையும், தமிழ் மாணவர் அவற்றின் சிங்கள இணைகளையும் கற்றுக்கொண்டால், அது செலவில்லாத ஒரு சீர்திருத்தம்.

முடிச்சைப் போடும் கை

இனி மூன்றாவது இடம்.

கலஹா வீதி வழியே மேலே போனால் தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துர வரும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டம். இலங்கைத் தேயிலையின் வர்த்தகப் பயிர்ச்செய்கை தொடங்கிய இடம். அன்று தொடங்கிய ஓர் அசைவு இன்றும் மாறவில்லை. இரு கையும் முன்னே நீள்கின்றன. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகின்றன. கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னே வீசுகின்றன. கூடையின் கயிறு தலையில். கூடை நிறைய நிறையத் தலையைப் பின்னால் இழுக்கிறது, கழுத்து முன்னால் இழுத்து ஈடுகொடுக்கிறது. சரிவில் நிற்பதால் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. பல தோட்டங்களில் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழ நாளுக்கு 18 கிலோ கொழுந்து வேண்டும். இந்த அசைவை ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை செய்கிறார் என்று கணக்கு வைப்பவர் யாருமில்லை. அந்தக் கணக்கு அவர் தோளில் முடிச்சாக எழுதப்படுகிறது.

பல்கலைக்கழகத்துப் பிள்ளையின் தோளிலும் ஒரு கூடை இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. நிமிர்ந்திருக்கும்போது தலையின் எடை ஐந்து கிலோ அளவு. அலைபேசியைப் பார்க்க 60 பாகை குனிந்தால் கழுத்துக்கு வரும் சுமை 27 கிலோவுக்குச் சமம் என்று 2014இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற முள்ளந்தண்டு சத்திரசிகிச்சை நிபுணர் கணித்தார். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. கழுத்தில் தராசு கட்டி நிறுத்ததல்ல. இருந்தாலும் ஒரு பேர்க் கொழுந்தைவிடக் கூடுதலான எண் அது.

இரு தோள்களுக்கும் ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பிள்ளை நினைத்தால் அலைபேசியைக் கீழே வைக்கலாம். அந்த அம்மா நினைத்தால் கூடையைக் கீழே வைக்க முடியாது.

அதனால்தான் முடிச்சு வைத்தியத்தை வெறும் வைத்தியமாகப் பேசி முடிக்க முடிவதில்லை. ட்ரவெலும் சைமன்ஸும் தம் நூலில், முடிச்சை நிலைக்க வைக்கும் காரணங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்கள். குட்டைக் கால், தவறான இருக்கை, தூக்கமின்மை, இரும்புச் சத்துக் குறைவு, தைரொயிட் குறைபாடு, ஓயாத சுமை. இந்தப் பட்டியலைத் தோட்டத்து லயத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தால், இரத்தச்சோகை முதல் ஓயாத சுமை வரை பலவும் அங்கே ஒன்றாகக் குடியிருக்கும். அங்கே விரலால் முடிச்சை அவிழ்த்து அனுப்பினால், அடுத்த நாள் கூடைக் கயிறு அதைத் திரும்பக் கட்டிவிடும்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. நிறுவை நேரங்களைக் கூட்டினால் கூடை ஒரேயடியாகக் கனக்காது. சுமையைத் தலையிலிருந்து இரு தோளுக்கும் இடுப்புக்கும் பகிரும் பட்டி, பள்ளிப் பிள்ளையின் புத்தகப் பைக்கே இருக்கிறது. கொழுந்துக் கூடைக்கு இல்லை. பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் கழுத்தையும் தோளையும் அசைக்கச் சொல்வதற்கு எந்தக் கம்பனியும் நட்டப்படாது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இரும்புச் சத்து மாத்திரையும், மாதம் ஒருமுறை இயன்மருத்துவர் ஒருவரின் வருகையும் இருந்தால், கிளினிக் கொப்பியோடு வேலை நாளை இழந்து மலை இறங்குபவர் தொகை குறையும்.

கை வைக்கக் கூடாத வலிகள்

எல்லா வலியும் முடிச்சல்ல. கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் தேய்ப்பவரிடம் போகாதீர்கள், வைத்தியரிடம் போங்கள்.

நெஞ்சு இறுக்கத்தோடு இடது கை, தாடை, தோளில் வலி. கூடவே வியர்வை, மூச்சுத்திணறல். இது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும்.

முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, காலில் பலம் குறைந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

விழுந்தெழுந்த பின் வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, இரவில் தூங்கவிடாமல் வளரும் வலி, காரணமில்லாமல் எடை குறையும்போது வரும் வலி, புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவருக்கு வரும் வலி ஆகியவற்றுக்குப் பரிசோதனையே முதலில் வேண்டும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர், எலும்பு நொய்ந்த முதியவர், கர்ப்பிணிகள் பயின்றவரிடம் மட்டுமே போக வேண்டும். யாருக்கானாலும் கழுத்தின் முன்பக்கத்தில் பெருவிரல் வைத்து அழுத்தக் கூடாது. மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய் அங்கே ஓடுகிறது. கழுத்தைச் சொடக்கென்று திருப்பிச் 'சுளுக்கெடுக்க' யாரையும் அனுமதிக்காதீர்கள்.

இன்னொன்று. சுற்றுலாப் பயணிகளை நம்பிக் கண்டியைச் சுற்றி முளைத்திருக்கும் மசாஜ் பலகைகளில் 'ஆயுர்வேத' என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. பலகை எழுத எவராலும் முடியும். இயன்மருத்துவர் என்றால் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சித்த, ஆயுர்வேத வைத்தியரென்றால் அதற்குரிய பதிவைக் கேளுங்கள். கேட்பது அவமரியாதையல்ல, கொடுப்பது உங்கள் உடலை. அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியர் எழுதித் தந்தால் இயன்மருத்துவச் சிகிச்சைக்குக் காசில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

வாசகரே, இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும்போது உங்கள் கழுத்தும் சற்றுக் குனிந்துதான் இருந்திருக்கும். நிமிருங்கள். தோள்மேட்டைப் பிடித்து, கயிறு தட்டுப்படும் இடத்தில் ஒரு நிமிடம் அளவாக அழுத்துங்கள். கழுத்தை மறுபக்கம் சாய்த்து நீட்டுங்கள். நாளைக்கும் அதே இடத்தில் கயிறு இருந்தால் நாளை மறுநாளும் அழுத்துங்கள். கூடவே, அதைக் கட்டுவது எதுவென்று உங்கள் நாற்காலியிடமும் தலையணையிடமும் அலைபேசியிடமும் விசாரியுங்கள்.

பிறகு தேநீர் குடிக்கும்போது, அதைப் பறித்த தோளையும் ஒருமுறை நினையுங்கள். தோட்டத்தை நடத்துபவராகவோ, தொழிற்சங்கத்தில் குரல் உள்ளவராகவோ நீங்கள் இருந்தால் நினைப்பதோடு நிற்காதீர்கள். கூடைக் கயிறு தலையில் இருக்கும்வரை முடிச்சும் தோளில் இருக்கும்.